அழக்கூடாத வீட்டுக்குப் போய்வந்தேன்

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு யாழ்ப்பாணத்தில் ரயில் ஏறினேன். மாங்குளம்வரை மூன்றாம் வகுப்புக்கு இரண்டு ரூபா இருபது சதம். என் தங்கை றோசம்மாவும் அவள் புருஷன் சவிரிமுத்துவும் மல்லாவிக்கு அப்பால் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்துப் போய் நாலு வருஷம் ஆகிறது. அங்கே பிறந்த ஒரே பிள்ளை அருளப்பு. மூன்றரை வயது. மார்கழி மழையில் காய்ச்சல் கண்டு செத்துப்போனான். தந்தி என் கைக்கு வந்தபோது அடக்கம் முடிந்து இரண்டு நாள்.

நான் புடவைக் கடையில் துணி கிழித்துக் கொடுக்கிறவன். நத்தார், புதுவருஷ வியாபாரம் முடியுமட்டும் முதலாளி விடமாட்டார் என்று நானே நினைத்துக்கொண்டு, கேட்காமல் இருந்துவிட்டேன். பிறகு சவிரிமுத்துவின் கடிதம் வந்தது. "றோசம்மா சாப்பிடுகிறாளில்லை, நித்திரை கொள்ளுகிறாளில்லை. இப்படியே போனால் அவளும் மிஞ்சமாட்டாள். வந்து பாருங்கள்" என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகுதான் லீவு கேட்டேன். முதலாளி உடனே தந்துவிட்டார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஒன்பது மணிக்கு மாங்குளம். மல்லாவி பஸ் ஒன்பதரைக்கு என்றார்கள். பதினொன்றரைக்கு வந்தது. ஒன்பது மைல் தூரத்துக்கு ஐம்பது சதம் வாங்கிக்கொண்டு, இரண்டு மண்ணெண்ணெய்ப் பீப்பாவுக்கு நடுவில் இருத்தினார்கள். பக்கத்தில் முல்லைத்தீவுக் கருவாட்டு வியாபாரி, வயதான முஸ்லிம் மனிதர்; பஸ்ஸில் எல்லாரும் அவரை 'நானா' என்றுதான் கூப்பிட்டார்கள். என் காலைப் பார்த்தார்.

"என்ன தம்பி, பொம்பிளை பாக்கவோ? சப்பாத்து மினுங்குது."

"இல்லை நானா, செத்த வீடு."

"எப்ப செத்தது?"

"நாப்பது நாள்."

"நாப்பது நாளோ! நடந்து வந்திருந்தாலும் நாலு நாளிலை வந்திருக்கலாமே."

பஸ் முழுக்கச் சிரித்தது. எனக்கு இறங்கி ஓடலாம் போல இருந்தது. அவர் சொன்னது சரி என்பதுதான் கோபம்.

ஆறாவது மைலில் பஸ் சேற்றில் புதைந்தது. "ஆம்பிளையள் எல்லாரும் இறங்கித் தள்ளுங்கோ!" என்றார் கொண்டக்டர். நான் தயங்கினேன். "ஐயா, காசு பஸ்சுக்குத்தான் வாங்கினனாங்கள், ரோட்டுக்கு இல்லை. இறங்குங்கோ!" முழங்கால்வரை சேறு. சப்பாத்து ஒன்று உள்ளேயே நின்றுவிட்டது. தோண்டி எடுத்தேன்.

பிற்பகல் இரண்டு மணிக்கு மல்லாவி. அங்கிருந்து நடை மூன்று மைல். வழியெல்லாம் எனக்கு ஒரே பயம். தமையனைக் கண்டதும் தங்கை குழறிக்கொண்டு ஓடிவருவாள், அயலெல்லாம் கூடும், அந்த நடுவில் நான் என்ன செய்வது? நாலு பேர் பார்க்கச் சாப்பிடவே கூச்சப்படுகிறவன் நான்.

வேலிப் படலையில் காத்துநின்றது றோசம்மா அல்ல, அந்தக் குடியேற்றத்தின் உபதேசியார். பங்குச் சுவாமியார் மாதம் ஒருமுறை வருவார், மற்ற நாளெல்லாம் செபம் நடத்துவது இவர்.

"அண்ணை, முதலே சொல்லிப்போடுறன். இந்த வீட்டிலை அழுகை இல்லை. ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை, ஏழு வயதுக்குள்ளை போனது. அது இப்ப சம்மனசு, மோட்சத்திலை தேவதூதன். சம்மனசுக்கு அழுதால் விசுவாசம் இல்லை எண்டு அர்த்தம்."

எங்கள் ஊரிலும் அந்த வழக்கம் உண்டு. பச்சைப்பிள்ளை செத்தால் ஒப்பாரி இல்லை, வெள்ளை உடுப்பும் பூமுடியும்தான். ஆனால் அங்கே தாய் குசினிக்குள், அடுப்படியில் போய் அழுவாள், யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இவரோ நாளுக்கு இரண்டுதரம் எட்டிப் பார்த்திருக்கிறார், சவிரிமுத்து பிறகு சொன்னது. இருந்தும், வெட்கத்தோடு எழுதுகிறேன், அழுகை இல்லை என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

றோசம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "சுகமோ அண்ணை? பிள்ளை மோட்சத்திலை இருக்கிறான்" என்றாள், பள்ளிக்கூடத்தில் ஞானோபதேசம் ஒப்புவிக்கிற மாதிரி. பிறகு சுவரோடு குந்திக்கொண்டாள்.

"பயணம் எப்பிடி?" என்று உபதேசியார் கேட்டார். கேட்டிருக்கக்கூடாது. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசாத நான் கொட்டத் தொடங்கினேன். "என்ன பயணம்! பஸ் ரெண்டு மணித்தியாலம் பிந்தி வருகுது. ரோட்டு ரோட்டில்லை. சப்பாத்துப் போச்சுது. தந்தியும் நேரத்துக்கு வரேல்லை, நானும் நேரத்துக்கு வரேல்லை. அவன்ரை முகத்தை நான் ஒருக்காக்கூடப் பாக்கேல்லை, றோசம்மா..."

வேலியில் ஆட்கள் நிற்கிறார்கள் என்று தெரிந்தும், மூக்கு ஒழுக அழுதேன்.

"அண்ணை, வேண்டாம், சம்மனசுக்கு..." என்று தொடங்கினார் உபதேசியார்.

"பேசாமல் இருங்கோ!" என்றேன். "செத்த லாசரை உயிரோடை எழுப்பப் போறன் எண்டு யேசு ஆண்டவருக்குத் தெரியாதோ? தெரிஞ்சும் கல்லறையடியிலை நிண்டு அழுதவர்தானே. அவருக்கும் விசுவாசம் இல்லையோ?"



றோசம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவனுக்கு உங்கடை மூக்கு, அண்ணை" என்றாள். பிறகு தவழ்ந்து வந்து என் மடியில் முகத்தை வைத்துக் குழறினாள். ஒப்பாரியில் ஒரு ராகம் இருக்கும். இதில் இல்லை. இருமலும் விக்கலுமாக, வயிற்றுக்குள்ளிருந்து வந்தது. வேலியில் நின்ற பெண்களும் உள்ளே வந்து அவளைச் சுற்றி இருந்து அழுதார்கள். உபதேசியார் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். பொழுது பட்டபோது அவளாகவே, "சோறு கிடக்கோ?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை காலை ஐந்தரை. ஏழு மணிப் பஸ்சைப் பிடிக்க வேண்டும். றோசம்மா பாயில், முகம் வீங்கி, வாய் திறந்தபடி கிடந்தாள். குறட்டையும் விட்டாள்.

"எழுப்பட்டோ?" என்றார் சவிரிமுத்து.

"நாப்பது நாளைக்குப் பிறகு படுத்தவளை எழுப்பவோ? விசரே உமக்கு?"

அப்போது உபதேசியார் காலைச் செபத்துக்கு ஆட்களைக் கூப்பிடக் கைமணியோடு ஒழுங்கையில் வந்தார். சவிரிமுத்து ஓடினார். "மணி அடிக்காதேங்கோ, அவள் நித்திரை!"

"நித்திரையோ?" என்று உபதேசியார் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு மணியின் நாக்கை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படலையாகப் போய், "செபத்துக்கு வாங்கோ, மெல்ல வாங்கோ" என்று கிசுகிசுத்தார்.

தங்கையிடம் சொல்லிக்கொள்ளாமலே புறப்பட்டேன். எங்கள் ஊரில் செத்த வீட்டு அழுகை மூன்று தெருவுக்குக் கேட்கும், நான் ஜன்னலைச் சாத்திவிடுவேன். இங்கே மூன்று மைலும் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தேன். மணி அடிக்கவில்லை.