இண்டூர் டைனோசர்

இண்டூருக்கு வெளியே வீட்டுமனை போடுவதற்காக நிலத்தைச் சமன் செய்துகொண்டிருந்த ஜேசிபி ஓட்டுநர் அன்பு, மண்ணுக்குள் எலும்புகளைக் கண்டு வண்டியை நிறுத்தினான். மடங்கிய நீண்ட கால்கள், மூன்று விரல்கள், கருத்த நகங்கள். மண்ணோடு ஒட்டிக் கொஞ்சம் இறகும் இருந்தது. அவன் எடுத்த படம் மதியத்துக்குள் தர்மபுரி முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றியது. இறகு முளைத்த பெரிய டைனோசர் கிடைத்துவிட்டதாம். ஒகேனக்கல் பஸ்ஸிலிருந்துகூட ஆட்கள் இறங்கி வந்து பார்த்தார்கள்.

நஞ்சம்மாளுக்கு அந்தப் படத்தைக் காட்டியவள் மகள் சுகுணா. ஒருமுறை பார்த்துவிட்டு நஞ்சம்மாள் அடுப்பை அணைத்தாள். எங்கே போகிறாய் என்று மகள் கேட்பதற்குள் தெருவில் இறங்கி நடந்தாள்.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அந்த நிலம் ஈமு பண்ணையாக இருந்தது. கணவன் இறந்த பிறகு நஞ்சம்மாள் அங்கேதான் வேலைக்குப் போனாள். ஆள் உயரப் பறவைகள் அவளைக் கண்டதும் கம்பிவேலியோரம் ஓடிவரும். பெட்டைகள் நெஞ்சுக்குள்ளிருந்து பறை அடிப்பதுபோல் சத்தம் எழுப்பும். காதில் விழுமுன் அது வயிற்றில் அதிரும்.

ஒருநாள் தீவனம் வருவது நின்றது. பண்ணைக்காரர் செல்போனை அணைத்துவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். சந்தையில் ஒதுக்கிய முட்டைக்கோஸ் இலைகளைச் சுமந்துவந்து போட்டாள் நஞ்சம்மாள். போதவில்லை. ஒவ்வொன்றாக விழுந்தன. எஞ்சியவற்றை ஒரு லாரி ஏற்றிக்கொண்டு போனது.

சேவல் ஒன்று மட்டும் போகவில்லை. ஈமுவில் சேவல்தான் அடைகாக்கும்; அந்த நாட்களில் இரையெடுக்காது. ஏற்கெனவே பட்டினி கிடந்த உடம்போடு அது மூலைக் கொட்டகையில் கரும்பச்சை முட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தது. குஞ்சு பொரிக்கட்டும் என்று லாரிக்காரர்களைத் தடுத்தவள் நஞ்சம்மாள்தான். தினமும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அதனிடம் பேசிவிட்டு வருவாள். ஒருநாள் காற்றில் முதுகிறகு எழும்பியும் தலை அசையவில்லை. எத்தனை நாளாகச் செத்ததோடு பேசிக்கொண்டிருந்தோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. தூக்க மனம் வராமல், இருந்த இடத்திலேயே மண்ணள்ளிப் போட்டு மூடினாள்.

அந்தப் பறைச் சத்தம் அதன்பின் அவளை விடவேயில்லை. பட்டப்பகலில், துணி துவைக்கும்போதும் பஸ் கூட்டத்துக்கு நடுவிலும் வயிறு அதிரும். சேவல் அப்படிச் சத்தம் போடாது என்று அவளுக்குத் தெரியும். அதுதான் பயத்தைக் கூட்டியது. மகளிடம்கூட அவள் சொன்னதில்லை.

அவள் போய்ச் சேர்ந்தபோது, கல்லூரியில் நிலவியல் நடத்தும் கலைவாணன் குழியருகே குந்தியிருந்தார். இது டைனோசர் இல்லை, ஈமு என்று சொல்லிவிட்டு எழுந்தார். கூட்டம் சிரித்தபடி கலைந்தது.

"முட்டமேல உக்காந்திருந்துச்சுங்க," என்றாள் நஞ்சம்மாள். "நாந்தான் மண்ணு போட்டு மூடுனேன்."

அவர் சிரிக்கவில்லை. மங்கோலியப் பாலைவனத்தில் ஈமு அளவுள்ள ஒரு டைனோசரைத் தோண்டியெடுத்த கதையைச் சொன்னார். பறவை மாதிரியே இருக்குமாம், இறகும் இருந்திருக்குமாம். கைகளை விரித்து முட்டைகளை அணைத்தபடியே மணலில் புதைந்து போயிருந்ததாம். அந்த வகையில் முதலில் கிடைத்ததை, முட்டை திருட வந்தது என்றே நினைத்திருந்தார்களாம்; அவை அதன் சொந்த முட்டைகள் என்று பிறகுதான் தெரிந்ததாம்.

"அதுக்கு ஓடத் தெரியாதுங்களா?"

"நல்லா ஓடும்மா."

"அப்பறம் ஏன் ஓடல?"

கலைவாணன் குழிக்குள் பார்த்தார். "முட்ட இருந்துச்சில்லம்மா," என்றார்.

நஞ்சம்மாள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். இத்தனை வருடங்களில் அதற்காக அவள் அழுதது அன்றுதான். தேடிவந்த சுகுணா பதறிப்போய் என்னவென்று கேட்க, எல்லாவற்றையும் சொன்னாள், சத்தம் கேட்பதையும் சேர்த்து.

மறுநாளைக்குள் அந்த மூலையையும் சமன் செய்தாக வேண்டும் என்றான் அன்பு. ஆனாலும் அவனே இறங்கி எலும்புகளையும் அடியில் கிடந்த முட்டையோடுகளையும் சாக்கில் எடுத்துக் கொடுத்தான். தாயும் மகளும் ஆளுக்கொரு முனை பிடித்துச் சுமந்துவந்து, வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டினார்கள். முட்டையோடுகளை அடியில் பரப்பி, அதன்மேல் கால்களை மடித்து வைத்தாள் நஞ்சம்மாள். பிறகு மண்வெட்டியை எடுத்தாள்.

சுகுணா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "கொஞ்ச நேரம் இருக்கட்டும்மா."