லேத்துக்கு எண்ணெய்க் காப்பு

எங்கள் வீட்டுப் பூஜை மாடத்தில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் நீள மூக்கு வைத்த ஒரு தகர எண்ணெய்க் குடுவை இருக்கிறது. வயிற்றுப் பக்கம் கொஞ்சம் நசுங்கியது. அடியைக் கட்டைவிரலால் அழுத்தினால் 'டொக்' என்று சத்தம் போட்டு மூக்கு நுனியில் ஒரு சொட்டு விடும். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் சாமி படங்களைக் கும்பிட்டு முடித்து அதைப் பார்த்ததும், "இது என்னுங்க?" என்பார்கள். தையல் மிஷின் குடுவையை யாரோ மறந்து வைத்துவிட்டதாக நினைத்து எடுத்து ஓரமாகப் போட்ட புண்ணியவான்களும் உண்டு. அவர்கள் போன பிறகு நான் அதை மறுபடி எடுத்துப் பழைய இடத்தில் வைப்பேன். குடுவை என் மாமனாருடையது. அதை விளக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தவர் என் மாமியார்.

நான் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். சங்ககிரிக்குப் பக்கத்தில் கிணறும் தோட்டமும் ஆயில் இஞ்சினும் உள்ள குடும்பம். "மாமனாருக்கு இரண்டு பெண்டாட்டி, தெரிந்துதானே கொடுக்கிறீர்கள்?" என்று கல்யாணத்துக்கு முன்பே யாரோ கேட்டு என் அம்மாவின் வயிற்றில் புளியைக் கரைத்திருந்தார்கள். போய்ப் பார்த்தால் ஒருத்தி என் மாமியார். இன்னொருத்தி வீட்டை ஒட்டிய, ஓடு வேய்ந்த சாலைக் கொட்டகையில் நின்றிருந்த இரும்பு லேத்து. சேலத்தில் பட்டறையை மூடிவிட்டுக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கி, மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பிப் பிள்ளைத்தாச்சியை ஏற்றிவருவது போல அதை மாமனார் கொண்டுவந்தாராம். காலால் பலகையை மிதித்தால் பெரிய சக்கரம் சுற்றும். சக்கரம் சுற்றினால் லேத்தில் மாட்டிய இரும்பு சுற்றும். உளியைக் கொடுத்தால் இரும்பு சுருள் சுருளாக உரியும். விவசாயம் பார்க்கிற மனுஷனுக்கு இது எதற்கு என்று பங்காளிகள் சிரித்தார்கள். பிறகு அவரவர் வண்டி அச்சையும் ஏற்றத்து உருளையையும் தூக்கிக்கொண்டு அவர்களே வாசலில் வந்து நின்றார்கள்.

மாமா லேத்தில் வேலை செய்வதைவிட லேத்துக்கு வேலை செய்வதைப் பார்க்கத்தான் எனக்குப் பிடிக்கும். காலையில் சாலைக்குள் போனதும் சக்கரத்தைத் தொடவே மாட்டார். முதலில் பழைய வேட்டித் துணியால் பெட்டைத் துடைப்பார். பெட் என்பது லேத்தின் நீளமான இரும்பு முதுகு. உளி தாங்கி அதன் மேல்தான் முன்னும் பின்னும் வழுக்கிப் போகும். துடைத்த இடத்தில் இந்தக் குடுவையால் நாலைந்து சொட்டு விட்டு, விரலால் குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது போலப் பரப்புவார். சுழலும் தண்டின் இரண்டு பக்கமும் மூடி போட்ட சின்னப் பித்தளைக் கிண்ணங்கள் இருக்கும். அவற்றில் எண்ணெய் நிரப்பி, கம்பளி நூல் திரியின் ஒரு முனையைக் கிண்ணத்திலும் மறுமுனையைத் தண்டுக்குப் போகிற துளையிலும் விடுவார். திரி எண்ணெயை உறிஞ்சிச் சொட்டுச் சொட்டாகத் தண்டுக்கு ஊட்டும். வேலை முடிந்ததும் திரியை மேலே இழுத்துவிடுவார், எண்ணெய் வீணாகாமல் இருக்க. இரும்புத் தூளைப் பனந்தும்புத் துடைப்பத்தால் கூட்டுவாரே தவிர வாயால் ஊதமாட்டார். "இரும்பும் இரும்பும் நேரா ஒரசக் கூடாதுங் கண்ணு. நடுவால எண்ணெய் இருக்கோணும்" என்பார். வீட்டில் யாராவது சண்டை போட்டுக்கொண்டாலும் இதையேதான் சொல்வார். அதனாலேயே அவர் எதிரில் சண்டை போட எங்களுக்கு அலுப்பாக இருக்கும்.

அவருக்கும் அத்தைக்கும் வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் தகராறு. அது ஆயுத பூஜை. அத்தைக்கு அன்று வீட்டில் உள்ள அரிவாள், மண்வெட்டி, உலக்கை எல்லாம் தண்ணீர் விட்டுக் கழுவி, விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக இருக்கவேண்டும். லேத்துக்கு மட்டும் மாமா சம்மதிக்கமாட்டார். தாமே துடைத்து எண்ணெய் போட்டுவிட்டு, "காலுல ஒரு பொட்டு வெச்சுக்க, போதும்" என்பார். "கலப்பைக்கு மூணு பட்டை, இதுக்கு மட்டும் மொட்டைப் பொட்டுங்களா? சாமி ஏத்துக்குமுங்களா?" என்று அத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

நான் போன முதல் வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. தோட்டம் முழுக்க மஞ்சள். அந்த வருஷத்து எங்கள் சோறே அந்த மஞ்சள்தான். புரட்டாசியில் இலை சுருளத் தொடங்கிய நேரம் பார்த்து, கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற ஆயில் இஞ்சின் நின்றுபோனது. உள்ளே தண்டைத் தாங்குகிற புஷ் தேய்ந்து உடைந்துவிட்டது. யுத்த காலத்தில் சாமானுக்கு எங்கே போவது? என் வீட்டுக்காரர் மாடு கட்டி, கவலைச் சாலில் தண்ணீர் இறைத்தார். பாதித் தோட்டம் நனைவதற்குள் மீதிப் பாதி காய்ந்தது. மாமா பஸ் பிடித்துச் சேலத்துக்குப் போனார். அவர் போன அன்றுதான் ஆயுத பூஜை.

அத்தை என்ன நினைத்திருப்பார் என்று எனக்குப் புரிகிறது. வருஷா வருஷம் மொட்டைப் பொட்டு வைத்த பாவம்தான் இஞ்சினில் வந்து விடிந்திருக்கிறது. இந்தத் தடவையாவது குறைவில்லாமல் செய்துவிடவேண்டும். நான் அடுக்களையில் சுண்டல் வேகவைத்துக்கொண்டிருந்தேன். "அம்மிணி, வந்து பாரு சாமி" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். கண் கூசியது. சீயக்காயும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்து, குடம் குடமாகத் தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தார். அத்தனை வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு போய், பெட் விளக்கி வைத்த வெண்கலப் பானை மாதிரி மின்னியது. மேலே பட்டை பட்டையாக விபூதி. பித்தளைக் கிண்ணங்களைப் புளி போட்டு விளக்கி, நல்லெண்ணெய் ஊற்றி, கம்பளித் திரிக்குப் பதிலாகப் புதுப் பஞ்சுத் திரி போட்டிருந்தார். உச்சியில் சாமந்தி மாலை.

பொழுது சாய மாமா வந்தார். புஷ் கிடைக்கவில்லை. தெரிந்தவர் ஒருவரிடம் கெஞ்சி வெண்கலம் மாதிரியான கன்மெட்டலில் ஒரே ஒரு துண்டு வாங்கி வந்திருந்தார். மறுநாள் அதை லேத்தில் கடைந்து புஷ்ஷாக்கவேண்டும். கை தவறினால் இன்னொரு துண்டு கிடையாது, மஞ்சளும் கிடையாது. துண்டைக் கையில் வைத்துக்கொண்டே சாலை வாசலில் நின்றார். உளி தாங்கியின் அடியிலிருந்து இன்னும் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. பெட்டின் ஓரத்தை விரலால் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். சாம்பல் நறநறத்தது. அந்த முகத்தை நான் மறக்கவில்லை. சாம்பல் தூள் தண்டுக்குள் போனால் அரம் போட்டு ராவுவது போல ராவிவிடும். தண்ணீர் நின்றால் விடிவதற்குள் துருப் பிடிக்கும். இந்த இரண்டும் வந்தபின் அந்தத் துண்டைக் கடைய முடியாது. உடனே பிரித்துத் துடைக்கலாம் என்றால் பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் கற்பூரம் காட்டி எடுக்கும்வரை வேலைக்குத் தொடக்கூடாது. தொட்டால் அத்தை செய்த பூஜை பாழ்.

"பாத்தீங்களா? இத்தன வருசத்துல ஒரு நாளாச்சும் இப்பிடி மினுங்கியிருக்குதுங்களா?" என்றார் அத்தை. முகமெல்லாம் பூரிப்பு.

மாமா துண்டை நிலைப்படியோரம் வைத்தார். பிறகு, "நல்லா இருக்குது" என்றார். நேராகக் கிணற்றடிக்குப் போனார். குளித்து ஈர வேட்டியோடு வந்து நெற்றியில் விபூதி பூசி, லேத்துக்கு முன்னால் கைகூப்பி நின்றார். நின்றபடியே கேட்டார்.

"ஏம்புள்ள, அரசமரத்துப் பிள்ளையாருக்குத் தண்ணி ஊத்திக் கழுவுனதும் அப்பறம் என்ன பண்ணுவ?"

"எண்ணெய்க் காப்புச் சாத்துவனுங்க."

"இவருக்கு?"

அத்தை வாயில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ, மறந்து போட்டனுங்களே!"

"அதனால என்ன. வா, ரெண்டு பேருமாச் சாத்திப் போடலாம்."

சாத்தினார்கள். கோயிலில் அபிஷேகத்துக்கு முன் நகை கழற்றுகிற பூசாரி மாதிரி மாமா ஒவ்வொரு திருகாகக் கழற்றி வாழையிலையில் வைத்தார். முதலில் சீமெண்ணெய் டின்னைக் கொண்டுவரச் சொன்னார். "சாமிக்குச் சீமெண்ணெயுங்களா?" என்று அத்தை தயங்க, "இவரு சீமையில இருந்து வந்த சாமி. அவரு ஊரு எண்ணெயில மொதல்ல குளிக்கட்டும்" என்றார். அத்தை சொம்பில் மொண்டு ஊற்ற ஊற்ற, இடுக்குகளிலிருந்து சாம்பலும் தண்ணீரும் சேறாக வழிந்தது. மாமா துடைத்தார். மறுபடி ஊற்றச் சொன்னார். மறுபடி துடைத்தார். ரேஷனில் வாங்கிய சீமெண்ணெய் மொத்தமும் அதில் போனது. அந்த மாதம் முழுக்க எங்களுக்கு ஆமணக்கெண்ணெய் விளக்குதான். பஞ்சுத் திரிகளை எடுத்து, "இது மாடத்து விளக்குக்கு ஆகும்" என்று அத்தையிடமே கொடுத்துவிட்டு, தம் கம்பளியின் ஓரத்தைப் பிரித்துப் புதுத் திரி முறுக்கினார். கடைசியில் குதிருக்குள் ஒளித்து வைத்திருந்த மிஷின் எண்ணெய் டின் வந்தது. இண்டு இடுக்கு விடாமல் பூசினார்கள். சாமந்தி மாலையை அவரே திரும்பச் சாத்தினார். கற்பூரம் காட்டியது அத்தை. தவறு என்ற வார்த்தையை அந்த வீட்டில் யாரும் உச்சரிக்கவில்லை.

விடிந்ததும் பூஜையை எடுத்தார்கள். மாமா பலகையை மெல்ல மிதித்தார். ஒரு திருப்புளியின் முனையைத் தண்டின் பக்கம் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு கேட்டார். ஒரு துளி சாம்பல் உள்ளே இருந்தாலும் கிறீச்சிடும். வாசலில் நாங்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். வெகுநேரம் கேட்டார். பிறகு திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கன்மெட்டல் துண்டை மாட்டச் சொல்லி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். மத்தியானத்துக்கு மேல் புஷ் தயாரானது. அன்று சாயங்காலம் இஞ்சின் புகை விட்டது. வாய்க்காலில் தண்ணீர் வருகிற வழியெல்லாம் அத்தை கூடவே நடந்து போனார்.

அடுத்த நாளிலிருந்து வீட்டில் ஒரு புது வழக்கம். அத்தை காலையில் விளக்கேற்றியதும் சாலைக்குப் போய்ப் பெட்டைத் துடைத்து, எண்ணெய் பரப்பி, கிண்ணங்களை நிரப்பிவிட்டு வந்து, "காப்புச் சாத்தியாச்சுங்க" என்பார். அதற்குப் பிறகுதான் மாமா உள்ளே போவார். அவர் இருந்தவரைக்கும் அப்படித்தான். லேத்துப் பக்கம் தண்ணீர்ச் செம்போடு போனவர்களை அத்தை விரட்டி அடித்தார்.

மாமா காலமான பிறகு, தீட்டுக் கழிக்க வீடு முழுவதும் கழுவினார்கள். உறவுக்காரப் பெண்கள் குடங்களோடு சாலைக்கும் வந்தார்கள். அத்தை நிலைப்படியில் குறுக்கே நின்றார். "இங்க வேண்டாஞ் சாமி" என்றார். அவர்கள் போனதும் உள்ளே வந்து பெட்டைத் துடைக்கத் தொடங்கினார். ஓர் இடத்தில் கை நின்றது. என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார். மெல்லிய கீறல் ஒன்று நகத்தில் தட்டியது.

"நான் நாரு போட்டுத் தேச்சது" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்குத் தெரியுமுங்களா அத்தை?"

"வாசப்படியில நின்னாரே, அந்த மூஞ்சியப் பாத்தப்பவே தெரிஞ்சு போச்சு அம்மிணி. திட்டியிருந்தாத் தாங்கியிருப்பேன். அந்த மனுசன் குளிச்சுப்போட்டு ஈரத்தோட வந்து கும்புட்டாரு."

"தெரியும்னு ஒரு நாளாவது மாமாகிட்டச் சொல்லியிருக்கலாமில்லைங்களா?"

அத்தை குடுவையை அழுத்தினார். கீறலின் மேல் ஒரு சொட்டு விழுந்தது.

"சொன்னா, எனக்கோசரம் அவரு பண்ணுன பூசை கெட்டுப்போயிருமல்லோ" என்றார்.

அன்று சாயங்காலம்தான் அந்தக் குடுவை பூஜை மாடத்துக்கு வந்தது. அத்தையும் போய் வெகு காலமாகிவிட்டது. இப்போது என் மகனுக்குப் போர்வெல் லாரிகள். ஆயுத பூஜையன்று வாசலில் குழாயைப் பிடித்து லாரிகளைக் கழுவுகிற ஆர்ப்பாட்டத்தில் தண்ணீர் தெரு வரை ஓடும். நான் லேத்து நிற்கிற சாலைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். துணியால் பெட்டைத் துடைத்து, கீறலை நகத்தால் தேடிக் கண்டுபிடித்து, அதன் மேல் ஒரு சொட்டு விடுவேன். பிறகு குடுவையின் மூக்கைத் துடைத்து விளக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சுண்டல் வெந்துவிட்டதா என்று பார்க்கப் போவேன்.