வெள்ளையாக விட்ட வட்டம்

போன வாரம் ரத்தக் கொதிப்புக்காக ஒரு டாக்டரிடம் போயிருந்தேன். சின்ன வயதுக்காரர். "உங்க குடும்பத்துல வேற யாருக்கெல்லாம் இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே காகிதத்தில் ஒரு சதுரம், ஒரு வட்டம், நடுவே ஒரு கோடு போட்டார்.

நான் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினேன். பெரியவர் ஊசிக்குப் பயப்படுகிறார் என்று நினைத்திருப்பார். ஊசியா? அதெல்லாம் எனக்குத் தூசு… விஷயம் வேறு.

எழுபதுகளின் கடைசி. பூலாம்பாடிக்கு மேலே, பச்சைமலையில் ஒரு சின்ன ஊர். மனநோய் பரம்பரையாக வருகிறதா என்று ஆராய வந்த டாக்டருக்கு நான் உதவியாளன். அதற்கு ஏன் மலை ஏற வேண்டும்?

"கீழ எல்லாம் கலந்து போச்சுப்பா, நூல் பிடிக்க முடியாது. இவங்க தலைமுறை தலைமுறையா தங்களுக்குள்ளயே பொண்ணு குடுத்து எடுத்திருக்காங்க" என்பார்.

அவர் ரத்தம் எடுப்பார். நான் வீடு வீடாகப் போய் வம்சம் கேட்டு வரைவேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் வந்தவர்களைக் கறுப்பு மையால் நிரப்ப வேண்டும்.

அந்த ஊரில் நோய்க்குப் பெயர் 'கூப்பாடு'. நாற்பதை நெருங்கும்போது யாரோ பெயர் சொல்லி அழைப்பது கேட்குமாம். முதலில் தூரத்தில். அப்புறம் வாசலில். ஒருநாள் எழுந்து போய்விடுவார்களாம். எங்கே என்று கேட்டால், காட்டுப்பக்கம் கை காட்டுவார்கள்.

நல்லம்மா வீட்டில் கறுப்பு படிப்படியாக இறங்கியது. அப்பா, அத்தை, மூத்த அண்ணன்… அடுத்த வட்டம் நல்லம்மாதான். வயது முப்பத்தெட்டு. புளியில் கொட்டை எடுத்தபடி எனக்கு விவரம் சொல்லிக்கொண்டிருந்தார். பட்டப்பகல்.

பேச்சின் நடுவே வாசல் பக்கம் திரும்பி, "ந்தா வரேன்!" என்றார்.

நானும் பார்த்தேன். வாசலில் வெயில்தான் இருந்தது.

"யாருங்க்கா?"

அவர் கை நின்றது. என் முகத்தையே பார்த்தார். எனக்குக் கேட்கவில்லை என்று அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்.

"எத்தினி நாளாக்கா கேக்குது?"

"சாமை அறுத்ததுலேருந்து." காகிதத்தைத் தொட்டார். "தம்பி, இந்த ரவுண்டு நானா?"

"ஆமாங்க்கா."

"கறுப்பு வச்சிராத தம்பி. தையில பொண்ணுக்குக் கல்யாணம். வெளிய தெரிஞ்சா நின்னு போயிரும். உங்க டாக்டர்ட்டகூட சொல்லாத."

வாக்குக் கொடுத்தேன். இருபத்தைந்து வயதில் வாக்குக் கொடுப்பது எவ்வளவு சுலபம்!

சாயங்காலம் டாக்டரின் பேனா அந்த வட்டத்தில் வந்து நின்றது. "இவங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல சார்."

ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு மலை இறங்கினேன்.

மாசியில், விட்டுப்போன சிலரிடம் ரத்தம் எடுக்க மறுபடி போனோம். வீட்டு வாசலில் நல்லம்மாவின் பெண் நின்றிருந்தாள். தாலிக் கயிற்றில் மஞ்சள் இன்னும் மங்கவில்லை.

"அம்மா எங்கம்மா?"

"கல்யாணத்துக்கு மறுநாளுங்க. எங்களுக்குச் சோறு போட்டுட்டு இருந்துச்சு. யாரோ கூப்புட்ட மாதிரி கரண்டிய வச்சுட்டு எந்திரிச்சுப் போச்சு. ஊரே தேடுச்சுங்க. கெடைக்கல."

அன்றே டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. அந்தக் காகிதத்தை எடுத்து மேசையில் விரித்தார்.

"அந்தக் குரலைக் கொறைக்க மாத்திரை இருக்குப்பா" என்றார். "அன்னிக்கும் நம்ம பெட்டியிலதான் இருந்துச்சு."