செலக்சனுக்குப் போகாத ஆட்டக்காரி

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து வராது என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு காலத்தில் நன்றாகவே வந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகான முதல் சில வருடங்களில், எங்கள் பள்ளிப் பெண்கள் அணியோடு மோத வேண்டும் என்றால் கோயமுத்தூர்ப் பள்ளிகளுக்கே கொஞ்சம் உதறும். அதற்குக் காரணம் ஒருத்திதான்.

அவள் என் வகுப்பு. திருநெல்வேலிப் பக்கமிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பம். வீரபாண்டியில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் இருந்தார்கள். அவள் அம்மாவுக்குச் செக்கிங் வேலை, அதாவது தைத்து வந்த துணியில் குறை இருக்கிறதா என்று பார்ப்பது. இவள் பந்தை வாங்கித் திரும்பினால் வளையத்தைப் பார்க்கக்கூட மாட்டாள். பந்து அது பாட்டுக்குப் போய் உள்ளே விழும். பக்கத்தில் நான் ஆடினேன். ஆடினேன் என்பதே கொஞ்சம் அதிகம். இடது பக்கம் தட்டிக்கொண்டு ஓடச் சொன்னால் பந்து ஒரு பக்கம் போகும், நான் ஒரு பக்கம் போவேன்.

எங்கள் பள்ளியின் தாளாளரும் அவள் அம்மா வேலை பார்த்த கம்பெனியின் முதலாளியும் ஒரே ஆள். எங்கள் ஊரில் இது அதிசயமில்லை. ஜெர்சி கொடுத்தவரும் அவர்தான். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் வேண்டாமென்று கழித்தது. எந்த ஊர்ப் பள்ளியின் பெயரையோ நெஞ்சில் போட்டுக்கொண்டு ஆடினோம். அதை வாங்க வரிசையில் நின்று கும்பிடு வேறு போட வேண்டும்.

பிளஸ் ஒன் படிக்கும்போது மாவட்ட அணிக்கு ஆளெடுக்கும் செலக்சன் கோயமுத்தூரில் வந்தது. மாவட்டத்துக்கு நன்றாக ஆடினால் விளையாட்டுக் கோட்டாவில் கல்லூரி சீட்டும் ஹாஸ்டலும் கிடைக்கும். எனக்குக் கிடைக்காவிட்டாலும் அப்பா எப்படியாவது படிக்க வைத்துவிடுவார். அவளுக்கு இதை விட்டால் பள்ளியோடு சரி, அப்புறம் அம்மா பக்கத்தில் செக்கிங் டேபிள்தான். அது அவளுக்கும் தெரியும், எங்கள் பி.டி. சாருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை செலக்சன். அதற்கு முந்தின நாள் கம்பெனியே அல்லோலகல்லோலப்பட்டது. பெட்டி கட்டி முடித்த சரக்கில் சைஸ் லேபிளை மாற்றித் தைத்திருந்தார்கள். மீடியத்தில் லார்ஜ், லார்ஜில் மீடியம். பெட்டிகளை உடைத்து, லேபிளைப் பிரித்து, மறுபடி தைத்து ஞாயிறு சாயங்காலத்துக்குள் ஷிப்மென்ட்டுக்கு, அதாவது கப்பலுக்கு, அனுப்பியாக வேண்டும். செக்கிங் பெண்கள் வீட்டில் கை சும்மா இருக்கிற எல்லாரும் வர வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லி அனுப்பினார். அவளையும் சேர்த்துத்தான்.

பி.டி. சார் என்னையும் கூட்டிக்கொண்டு முதலாளியிடம் போனார். "அந்தப் புள்ளைய மட்டும் நாளைக்கு விட்டுருங்க. நல்லா வர்ற புள்ளைங்க," என்றார்.

முதலாளி கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. "ஏனுங்க சார், செலக்சன் அடுத்த வருசமும் வருமுங்க. கப்பல் நமக்காக நிக்குமுங்களா?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இந்தக் கண்ணு போகட்டும். இதுவும் நம்ம பள்ளிக்கூடந்தானுங்க," என்றார்.

"சரிங்க" என்றார் சார். அதற்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவருக்கும் பிள்ளைகுட்டி இருந்தது, அவருக்கும் சம்பளம் அதே கைதான் கொடுத்தது என்பதெல்லாம் எனக்குப் புரிகிறது. புரிந்தால் மன்னித்துவிட வேண்டுமா என்ன?

அடுத்த வருடம், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இனி விளையாட்டே கிடையாது, படிப்பு மட்டும்தான் என்று உத்தரவு போட்டதும் அதே தாளாளர்தான்.

கோயமுத்தூரில் என்னை எடுத்துக்கொண்டார்கள். உயரமாக இருந்தேன், அவ்வளவுதான். மாவட்ட அணியில் பெஞ்சைத் தேய்த்து, இறக்கிவிட்ட ஒரே ஆட்டத்தில் இடது பக்கம் மாட்டிக்கொண்டு பந்தைப் பறிகொடுத்தேன். ஊரில் ஆட்டம் எப்படிப் படுத்தது என்று கேட்டால் நான் என்னையேதான் காட்டுவேன். அவள் போக வேண்டிய இடத்துக்கு நான் போனேன். எனக்குப் பிறகு என் அளவுக்கும் ஆளில்லை. நன்றாக ஆடுகிறவர்கள் பெரும்பாலும் லைன் வீட்டுப் பிள்ளைகள். பள்ளி விட்டதும் அவர்களுக்குக் கம்பெனி இருந்தது. பி.டி. சாரைப் பள்ளி பஸ்களுக்குப் பொறுப்பாக்கினார்கள். கடைசியில், பஸ் திரும்ப இடைஞ்சல் என்று வளையம் மாட்டிய கம்பத்தையும் அறுத்தார்கள்.

சில வருடம் கழித்து ஆண்டு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். "இப்பத்த புள்ளைங்களுக்குத் தெறமையே இல்லீங்க. எல்லாம் டிவியும் செல்போனுந்தான்," என்று தாளாளர் மைக்கில் வருத்தப்பட்டார். நம் பள்ளி கடைசியாகக் கொடுத்த மாவட்ட வீராங்கனை என்று சொல்லி எனக்குச் சால்வை போர்த்தினார். கூட்டம் கைதட்டியது. கூட்டத்தில் பாதி, நாற்காலி நிரம்புவதற்காக வேனில் ஏற்றி வந்த கம்பெனி ஆட்கள். அவர்களுக்கு நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவளும் தட்டினாள்.

விழா முடிந்ததும் ஓடிப்போய் அவளைப் பிடித்தேன். "ஏட்டி, எடது பக்கம் ஓடப் படிச்சிட்டியா?" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நீ எதுக்குப் புள்ள கை தட்டுன?"

"ஒனக்குத்தான்ட்டி தட்டுனேன்."

இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். அதற்குள் சூப்பர்வைசரின் விசில் கேட்டது. நாங்கள் ஆடிய களத்தில்தான் வேன் நின்றிருந்தது. "வாரேன்ட்டி, இன்னைக்கு ஷிப்மென்ட்டு," என்று ஏறிக்கொண்டாள்.

அடுத்த வருசமும் வரும் என்று முதலாளி சொன்ன செலக்சன் அவளுக்கு வரவேயில்லை. ஷிப்மென்ட் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது.