பெரிய வெள்ளியில் வந்த கஞ்சி

முஸ்லிம்களின் நோன்பு மாதமும் எங்கள் தவக்காலமும் முந்திய வருடம் போலவே ஒன்றாக வந்த வருடம் அது. கல்முனையில், முஸ்லிம் குடும்பங்களுக்கு நடுவே நான்கைந்து கத்தோலிக்க வீடுகள் மட்டும் உள்ள ஓர் ஒழுங்கையில் என் வீடு. அதற்கு முந்திய கார்த்திகையில்தான் என் மனைவி புற்றுநோயில் இறந்துபோயிருந்தாள்.

படுக்கையில் கிடந்த ஏழு மாதமும் அவள் கையிலிருந்து செபமாலை இறங்கவில்லை. அதைப் பார்த்துப் பார்த்தே எனக்கு ஆத்திரம் ஏறியது. இவ்வளவு கேட்டவளுக்கு வலியில்லாத ஒரு நாளைக்கூடத் தராதவர் என்ன கடவுள்? அடக்கம் முடிந்ததோடு பூசைக்குப் போவதை விட்டேன். இரண்டு தரம் தேடி வந்த பங்குச் சுவாமியையும் வாசலோடு அனுப்பிவிட்டேன். நான் இயல்பிலேயே முன்கோபி. கடவுள் என்றாலும் விடமாட்டேன்.

பெரிய வெள்ளி வந்தது. அன்று இறைச்சி தொடுவது எங்கள் வீட்டில் யாரும் நினைத்தும் பார்க்காத காரியம். நான் வேண்டுமென்றே காலையில் மாட்டிறைச்சி வாங்கி வந்தேன். பிற்பகலில், வெள்ளை உடுத்து ஆட்கள் தேவாலயத்துக்கு நடக்கும் நேரம் பார்த்து அடுப்பில் வைத்தேன். யாரிடம் காட்ட இந்த வீம்பு? உண்மையில் பசிகூட இருக்கவில்லை.

கறி கொதிக்கும்போது எதிர்வீட்டுக் காக்கா வாசலில் நின்று கூப்பிட்டார். புடவைக் கடைக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணனைக் காக்கா என்பது இங்குள்ள முஸ்லிம்களின் வழக்கம். நானும் அப்படியே கூப்பிடுவேன். நோன்பு மாதம் முழுக்க அவர் வீட்டுக் கஞ்சி எங்களுக்கு வரும்.

"கொஞ்சம் சுணங்கிப் போச்சு தம்பி. இது தனியாக் காய்ச்சினது, இறைச்சி போடல்ல" என்று பாத்திரத்தை நீட்டினார்.

எனக்கு விளங்கவில்லை. "ஏன் காக்கா?"

"என்ன இப்பிடிக் கேக்கிறீங்க? தவக்காலத்து வெள்ளிக்கிழமையில உங்களுக்கு இறைச்சி ஆகாதுதானே. போன வருசம் நாங்க தெரியாம இறைச்சிக் கஞ்சி அனுப்பி, உங்கட வீட்டுக்காரிதான் சொல்லித் தந்தா. அதிலயிரிந்து வெள்ளிக்கிழமையில உங்களுக்கெண்டு வேற சட்டி. எங்கட கஞ்சியால உங்கட நோன்பு முறியப்படா."

அடக் கடவுளே! முந்திய இரண்டு வெள்ளியும் கஞ்சியில் இறைச்சியைக் காணாமல், காக்கா கையை இறுக்கிவிட்டார் என்று மனதுக்குள் நக்கலடித்தவன் நான்.

விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல், வறண்ட உதட்டோடு அந்த மனிதர் நிற்கிறார். என் அடுப்படியின் இறைச்சி மணம் வாசல்வரை வருகிறது. அவருக்கு மூக்கில்லையா? ஒரு தரம் உள்ளே பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். வெட்கத்தில் செத்துப்போனேன்.

"காக்கா, நான் இப்ப நோன்பு ஒண்டும் பிடிக்கிறல்ல" என்றேன். சொன்னதோடு அழுகை வந்துவிட்டது. அவளுடைய அடக்கத்தன்றுகூட நான் அப்படி அழவில்லை.

அவர் பாத்திரத்தை என் கையில் வைத்தார். "மனம் நொந்தா அப்பிடித்தான் தம்பி. நோன்பு திறக்கக்குள்ள உங்களுக்காகவும் நான் அல்லாஹ்ட்ட துஆக் கேக்கிறன். நீங்க கேக்க ஏலாத நாளையில வேற ஆராவது கேக்கத்தானே வேணும்?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுப்பை அணைத்தேன். கறியைத் தொடவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு கேட்டு எதிர்வீட்டில் நோன்பு திறந்தபோது, நானும் சிலுவை அடையாளம் போட்டுக் கஞ்சியைக் குடித்தேன். மாதக்கணக்காகக் கடவுளை நினைத்து நெற்றிக்குப் போகாத கை அது.

உயிர்த்த ஞாயிறு காலைப் பூசைக்குப் போய்க் கடைசி வரிசை வாங்கில் இருந்தேன். பக்கத்தில் அவளுடைய இடம் வெறுமையாகவே கிடந்தது. எல்லோரும் அல்லேலூயா பாட, நான் பாட்டுப் புத்தகத்தை மூடிக் கையில் வைத்திருந்தேன். பெரிய ஆறுதல் ஒன்றும் இறங்கி வரவுமில்லை. ஆனாலும் இடையில் எழும்பிப் போகாமல் முடியும்வரை இருந்தேன். அடுத்த ஞாயிறும் போனேன்.

இன்றும் கடவுளிடம் எனக்குக் கோபம் உண்டு, அவள் இல்லாத வீடும் இருண்டுதான் கிடக்கிறது. ஆனால் நான் விசுவாசத்தைக் கைவிட்ட நாட்களிலும் என்னை விசுவாசியாகவே நினைத்து நடந்த ஒரு மனிதரைப் பார்த்த பிறகு, கடவுள் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.