பதின்மூன்றாம் நாள் முட்டை

ஆண்டாயி வீட்டு அடைக்கோழியின் முன்னால் குந்தி உட்கார்ந்து சாமிதுரை விரல்விட்டு நாள் எண்ணுகிறார். கோழி முறைக்கிறது. போன மாதம் அது புறங்கையில் கொத்திய காயம் இன்னும் ஆறவில்லை.

வாரமெல்லாம் பெரம்பலூரில் பள்ளிக்கூட வாத்தியார். சனிக்கிழமை திருச்சி ஆய்வுக்கூடத்தில் மாணவர். முப்பத்தாறு வயதில் டாக்டர் பட்டம் வாங்கியே தீருவது என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். அதற்குத் தேவை, சரியாகப் பதின்மூன்று நாள் அடையிலிருந்த முட்டை. அதைவிட முற்றினால் அவருக்கு ஆகாது. ஒன்றுக்கு இரண்டு நல்ல முட்டை கொடுத்து வாங்குவார். ஊரில் பாதிப் பேர் அவர் அதை ஆம்லெட் போட்டுத் தின்கிறார் என்றே நம்புகிறார்கள்.

“முட்டைக்குள்ள வளர்ற கருவோட குருத்தெலும்புல ரெண்டு என்சைமுங்க. ஒண்ணு ஒரு சக்கரையக் கோக்கும், அடுத்தது வேற சக்கரையக் கோக்கும். மல்லியும் கனகாம்பரமும் மாத்தி மாத்திக் கட்டுற மாதிரி. அதுல சல்பேட்ட ஒட்ட இன்னொண்ணு வரும். அந்தச் சரந்தான் கோண்ட்ராய்ட்டின் சல்பேட். ஒங்க முட்டியிலயும் இருக்கு, என் மூக்குலயும் இருக்கு!” என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்குப் பாடம் நடத்துவார். பாடாலூர் வருவதற்குள் கேட்டவர் தூங்கிவிடுவார்.

ஜன்னலோரம் இல்லையென்றால் சாமிதுரை பஸ் ஏறமாட்டார். முகத்தில் காற்றுப் படாவிட்டால் குமட்டும். ஷட்டரை யார் இறக்கினாலும் சண்டைதான்.

இந்த வாரமும் என்சைமை அளந்த ரீடிங் வராவிட்டால் ஆராய்ச்சிப் பதிவை ரத்து செய்வதாகப் பேராசிரியர் கடிதம் போட்டுவிட்டார். சனிக்கிழமை முட்டை வாங்க ஆண்டாயி வீட்டுக்குப் போனார்.

“போனவாட்டி உள்ள பொடிசா இருந்திருக்குமே, பாவம். இன்னொரு கோழிகிட்டேருந்து நல்லா முத்துனதா எடுத்து வச்சிருக்கேன் சார்.”

பஸ் ஹாரன் கேட்டது. காதில் பாதிதான் விழுந்தது. வைக்கோல் கூடையை வாங்கிக்கொண்டு ஓடினார்.

சிறுவாச்சூர் தாண்டியதும் கூடைக்குள் ‘கீச்’ என்றது.

“குஞ்சுக்கு லக்கேஜ் போடணும் சார்” என்றார் கண்டக்டர் வெள்ளைச்சாமி. பஸ்ஸே சிரித்தது.

சாமிதுரை சிரிக்கவில்லை. ஓட்டு விரிசலில் அலகு நுனி தெரிந்தது. இருபத்தோரு நாள் முட்டை! ரீடிங்கும் போயிற்று, பட்டமும் போயிற்று. ஆண்டாயியைத் திட்டவும் மனம் வரவில்லை. வாத்தியார் வயிறு நிறையட்டும் என்றல்லவா கொடுத்திருக்கிறாள்.

சமயபுரம் வருவதற்குள் ஒரு குஞ்சு முழுதாக வெளியே வந்துவிட்டது. ஈர உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. எதிர்க்காற்று நேராகக் கூடையில் அடித்தது.

சாமிதுரை எழுந்து, தம் கையாலேயே ஷட்டரை இறக்கினார்.