காலியில்லாத இரண்டு இடங்கள்

இளையவர்கள் ஏன் வருவதில்லை என்று ஒரு பட்டியல் போட்டுத் தரும்படி அந்தச் சங்கம் என்னிடம் கேட்டது. ஸ்கொட்லாந்திலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், தங்கள் நாட்டு ஆட்டத்தைச் சனிக்கிழமைகளில் கூடி ஆடுவதற்காக நடத்தும் மரபுச் சங்கம். அதன் செயலாளர், புவாண்ட்-கிளேரில் நான் மென்பொருள் சோதிக்கும் அலுவலகத்தில் வரவேற்பு மேசையிலிருந்து ஓய்வு பெற்ற பெண்மணி. "நீ எதற்கெடுத்தாலும் இலக்கம் போட்டு எழுதுவாயே, எங்களுக்கும் ஒன்று எழுது" என்றார்.

சங்க விதிகளான யாப்பின்படி, உறுப்பினர் எட்டுப் பேருக்குக் குறைந்தால் ஆண்டுக் கூட்டத்தோடு சங்கத்தைக் கலைத்துவிட வேண்டும். இருந்ததோ ஆறு பேர். கூட்டத்துக்கு மூன்று மாதம்.

"எங்கட தமிழ்ச் சங்கத்துக்கு வா எண்டால் உனக்கு நேரமில்லை. வெள்ளைக்காரற்ற ஆட்டத்துக்கு ரெண்டு பஸ் மாறிப் போறாய்" என்றார் அம்மா. நாங்கள் இருக்கும் பியர்பொன்ட்ஸிலிருந்து எங்கே போவதென்றாலும் இரண்டு பஸ்தான் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பட்டியலில் பாதி பஸ்ஸிலேயே முடிந்துவிட்டது. ஒன்று, விண்ணப்பத்தைத் தபாலில்தான் அனுப்ப வேண்டும். இரண்டு, இணையத்தளத்தில் உள்ள ஒரே படத்தில் எல்லாரும் முறைக்கிறார்கள். மூன்று, சேர்வதற்கு ஸ்கொட்லாந்து இரத்தம் வேண்டியதில்லை என்று எங்கேயும் எழுதவில்லை.

நான்காவதை மண்டபத்தில்தான் கண்டேன். தேவாலயத்தின் நிலக்கீழ் அறை, சனிக்கிழமை மதியம். அவர்களுடைய ஆட்டத்துக்கு எட்டுப் பேர் வேண்டும். நாலு பேர் ஒரு வரிசை, எதிரே நாலு பேர். ஆறு பேர் வந்து நின்றார்கள். யாரும் நெருங்கி நின்று வரிசையைச் சரிசெய்யவில்லை. செயலாளருக்கு நேரெதிரே ஓர் இடைவெளி, வரிசைக் கடைசியில் இன்னொன்று. ஆள் குறைந்தால் வெற்றிடத்துக்குக் கை கொடுத்து ஆடுவது வழக்கமாம். அதைப் பேயோடு ஆடுவது என்பார்களாம். வேடிக்கையான பெயர் என்றுதான் நினைத்தேன்.

இசை தொடங்கியது. ஒரு கிழவர் கால் தடுமாறிக் கடைசி இடைவெளிக்குள் மிதித்துவிட்டார். "மன்னிக்க வேணும்" என்று அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

இணையத்தளத்துக்காக நான் எடுத்த வீடியோவை வீட்டில் வேகம் குறைத்துப் பார்த்தேன். பிழை தேடும்போது அப்படித்தான் பார்ப்பேன். யாரும் இல்லாத நடுப்பகுதியை ஏதோ ஒன்று கடந்து போவதுபோல, அவர்களுடைய கண்கள் எல்லாம் ஒரே வேகத்தில் நகர்ந்தன. ஓர் இடைவெளியிலிருந்து வருவதைப் பார்க்கும்போது பார்வை தாழ்ந்தது. மற்றதிலிருந்து வருவதைப் பார்க்க எல்லாரும் நிமிர்ந்தார்கள். திரும்பத் திரும்ப ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும் அப்படியே. அந்த வீடியோவை இணையத்தளத்தில் போடவில்லை.

"கடைசியில் என் தங்கை. எதிரே என் கணவர்" என்றார் செயலாளர், அடுத்த கிழமை அந்த இடைவெளிகளைப் பற்றி நான் கேட்டபோது. தபால் எந்தத் தட்டில் இருக்கிறது என்று முன்பு சொல்வாரே, அதே குரல். "சங்கம் கலைந்தால் இந்த மண்டபமும் போய்விடும். பிறகு அவர் எங்கே வந்து நிற்பார்?"

அந்த இரண்டு இடங்களிலும் இளையவர் இருவரை நிறுத்தினால் கணக்கும் சரி, ஆட்டமும் சரி என்று என் நான்காவது குறிப்பைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "அந்த இடங்கள் காலியில்லை" என்றார்.

என்னோடு வேலை செய்யும் சென்னைத் தோழியும் நானும் உறுப்பினரானோம். எட்டு ஆகிவிட்டது. ஆண்டுக் கூட்டத்தில் கேக் வெட்டினார்கள், சங்கம் பிழைத்தது. அடுத்த சனிக்கிழமை சுவரோரம் எங்களுக்கு இரண்டு மடக்கு நாற்காலிகள் போடப்பட்டிருந்தன.

"என்னடி இது, மெம்பர்னு கூட்டிட்டு வந்து ஓரமா உக்கார வெச்சுட்டாங்க?"

"கொஞ்சம் பொறு. இன்னும் இடம் வரேல்லை."

"எப்ப வரும்? யாராச்சும் போனாதானா?"

"போனாலும் வராது போலக் கிடக்கு."

அவள் சிரித்தாள். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அவள் கண்களும் அந்த வெறுமையோடு சேர்ந்து நகர்ந்துகொண்டிருந்தன. நான் அவளிடம் அந்த வீடியோவைக் காட்டியதே இல்லை.

இலையுதிர் காலத்தில் செயலாளருக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து என்னை அழைத்தார்.

"சனிக்கிழமை நீ என் இடத்தில் நிற்க வேண்டும்."

"வழமைபோல இடைவெளி விட்டு ஆடலாமே?"

"நான் இன்னும் சாகவில்லை, பெண்ணே. என் இடம் காலியாக இருக்கக் கூடாது." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நடுவுக்கு வரும்போது அவர் எப்போதும் அரைத் தாளம் பிந்துவார். நீ தாளத்தை எண்ணிக்கொண்டு முந்திவிடாதே. யாராவது ஒருவர் பொறுத்திருக்க வேண்டும்."

எனக்கு அதன்பிறகுதான் விளங்கியது. அவருக்கு இளையவர்கள் வேண்டியது கணக்குக்காக மட்டும் அல்ல. தனக்குப் பிறகு அந்த மனிதருக்கு எதிரே ஒருவர் நிற்க வேண்டும்.

சனிக்கிழமை போய் நின்றேன். எதிரே மரத் தரை, அதற்கப்பால் சுவர், வெந்நீர்க் குழாய். அடிகளை இரண்டு நாள் மனப்பாடம் செய்திருந்தேன். நடுவுக்குப் போய் வலது கையை நீட்டினேன். தாளம் விழுந்தது. யாரும் அசையவில்லை. நானும் அசையவில்லை. பிறகு, யாரும் ஒரு சைகையும் காட்டாமலே, ஆறு பேரும் ஒன்றாகத் திரும்பினோம். மற்றவர்கள் பழகியவர்கள். நான் எதை வைத்துத் திரும்பினேன் என்று எனக்குத் தெரியாது.

மாலையில் அவரை அழைத்தேன். யார் யார் வந்தார்கள், எத்தனை ஆட்டம், எங்கே பிழை விட்டேன் என்று வரிசையாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பொறுத்தாயா?"

"பொறுத்தேன்" என்றேன்.

"சரி" என்றார். அடுத்த கிழமையும் என்னையே நிற்கச் சொன்னார்.